விண்டோஸ் 10 கணினியை லினக்ஸுக்கு மாற்றலாமா? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு கிடைக்கிறது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். இதனால் 2016, 2017-இல் வாங்கிய, இன்னும் நன்றாக ஓடுகிற ஐ3, ஐ5 லேப்டாப்கள் கூட்டத்தோடு வெளியே தள்ளப்பட்டுவிட்டன. மஞ்சக்குப்பத்திலும் லாஸ்பேட்டையிலும் அப்படி ஒரு லேப்டாப் இல்லாத தெருவே இருக்காது. கடையில் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க" என்பதுதான் பதிலாக வரும். அந்தக் கணினிகளில் பெரும்பாலானவை இன்னும் பல வருடங்கள் உழைக்கக் கூடியவை. அவற்றைக் குப்பையில் போடுவது வீண்செலவு.

அதற்காக எல்லோரும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறிவிட வேண்டும் என்பதில்லை. லினக்ஸ் நல்லதா கெட்டதா என்ற வாதம் பொதுப் பயனருக்கு உதவாது. உங்கள் பிழைப்பு எந்த ஒரு மென்பொருளை, எந்த ஒரு கருவியை நம்பி நிற்கிறது? அது லினக்ஸில் ஓடுமா? முடிவு இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

மாற வேண்டாதவர்கள்

டாலி பிரைமில் கணக்கு எழுதும் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள் மாற வேண்டாம். டாலி விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது. ஜிஎஸ்டி, வருமான வரிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்களும் அப்படியே. சில டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறது. ஆனால் டோக்கன், டிரைவர், கையொப்பமிடும் துணை மென்பொருள், பிரவுசர் என்ற நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கடைசித் தேதியன்று அதில் ஒன்று முரண்டு பிடித்தாலும் அபராதம் உங்கள் தலையில். இ-சேவை மையங்களின் கைரேகைக் கருவிகளும் பெரும்பாலும் விண்டோஸ் சேவை மென்பொருளோடுதான் வருகின்றன.

ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கு கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் வேண்டும். இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. இங்க்ஸ்கேப், கிம்ப் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் கோரல் கோப்பை அச்சுப் பிசகாமல் திறக்க அவற்றை நம்ப முடியாது. ஆட்டோகேட் கற்கும் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கும், சேஃப் எக்ஸாம் பிரவுசரில் தேர்வு எழுதச் சொல்லும் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் விண்டோஸ் அவசியம். "வைன் போட்டால் விண்டோஸ் மென்பொருள் எல்லாம் ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். சிலது ஓடும், சிலது பாதி ஓடும். பொழுதுபோக்குக்கு முயன்று பாருங்கள், தொழிலை அதன்மேல் வைக்காதீர்கள்.

இதில் எதுவும் இல்லாமல் பிரவுசர், யூடியூப், வாட்ஸப் வெப், நெட் பேங்கிங், கடிதம், எளிய கணக்கு அட்டவணை, பைத்தான் அல்லது சி பயிலும் மாணவர் வேலை என்றால் தயங்காமல் மாறலாம். ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. கூகுள் மீட், டீம்ஸ் இரண்டும் பிரவுசரிலேயே ஓடும்.

கணினியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

லினக்ஸில் பல வகைகள் உண்டு. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசையைப் பரிந்துரைக்கிறோம். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை புதுப்பிப்பு வரும். முகப்பு விண்டோஸ் 7 பழக்கத்துக்கு நெருக்கமாக இருப்பதால் வீட்டில் பெரியவர்களும் தடுமாற மாட்டார்கள். 4 ஜிபி ரேமுக்கு மேல் இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபியோ அதற்குக் கீழோ என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்ப கால மாடல்கள் 2 ஜிபி ரேமோடு வந்தவை. அவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த 2 ஜிபியில் மின்ட் ஏறும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். ரேமை 4 அல்லது 8 ஆக்கிவிட்டு மாறுங்கள். வாங்கும் முன் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ரேம் வகைகளில் டிடிஆர்3-உம் டிடிஆர்4-உம் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பொருந்தாது. குறைந்த மின்னழுத்தமான டிடிஆர்3எல் கேட்கும் போர்டில் சாதா டிடிஆர்3-ஐப் போட்டால் பல லேப்டாப்கள் எழும்பவே எழும்பாது.

ரேமைவிடப் பெரிய வித்தியாசம் தருவது சுழலும் பாகமில்லாத சேமிப்பு டிஸ்க்கான எஸ்எஸ்டி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் எந்த இயங்குதளம் போட்டாலும் நத்தைதான். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாற்றுங்கள். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டுப் பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் விண்டோஸ் அந்த டிஸ்க்கில் அப்படியே பத்திரமாக இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பவும் மாட்டிவிடலாம். புதியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

கடலோர ஊர்களுக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. உப்புக் காற்றில் ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளும் யூஎஸ்பி துளைகளும் கறுத்துவிடும். திடீர் திடீரென்று கணினி உறைவதையும் பென்டிரைவிலிருந்து ஏறாமல் நிற்பதையும் லினக்ஸின் குறையாக எண்ணிவிடுவார்கள். நிறுவும் முன்பே பேட்டரியைக் கழற்றி, ரேமை எடுத்து, முனைகளைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் ஊதி, திரும்பச் செருகுங்கள். மின்ட் பென்டிரைவின் தொடக்கப் பட்டியலில் உள்ள மெமரி டெஸ்ட்டை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள்.

முதலில் மென்பொருளை மாற்றுங்கள், இயங்குதளத்தைப் பிறகு

விண்டோஸிலேயே லிப்ரெ ஆபிஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் நிறுவி இரண்டு மூன்று வாரம் அவற்றில் மட்டும் வேலை செய்யுங்கள். இயங்குதளத்தை மாற்றுகிறவர்களை உண்மையில் படுத்துவது இயங்குதளமே அல்ல, வேர்ட் இல்லாததுதான். அந்தப் பழக்கத்தை முன்பே முடித்துவிட்டால் மாறும் நாளில் புதிதாகக் கற்க மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

இந்த இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் பழைய தமிழ்க் கோப்புகளையும் சோதித்துவிடுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். லினக்ஸில் அதன்மேல் இருமுறை சொடுக்கி இன்ஸ்டால் கொடுத்தால் போதும். அதன் பிறகும் ஒரு கண்ணி உண்டு. பாமினித் தமிழை லிப்ரெ ஆபிஸ் ஆங்கிலமாகவே கருதும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் ஓடினால், அந்த இடத்தில் வேறு தமிழ் எழுத்து வந்து நிற்கும். டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் சென்று அதை அணைத்துவிடுங்கள்.

பென்டிரைவ் தயாரித்தல்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும். மின்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, இயங்குதளம் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி வரும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைத் திறந்து ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுங்கள். "செலக்ட்" பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய டிக் குறியை அழுத்தினால், கோப்பு பிழையின்றி வந்ததா என்று சரிபார்க்க உதவும் ஷா256 எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். நெட் விட்டுவிட்டு வரும்போது பாதியில் குறைபட்ட ஐஎஸ்ஓதான் "நிறுவும்போது நடுவில் நின்றது" என்ற புகாருக்கு அடிக்கடி காரணம். 2013-க்குப் பிந்தைய கணினி என்றால் ரூஃபஸில் தேர வேண்டிய பார்ட்டிஷன் வகை பெரும்பாலும் ஜிபிடி. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயோஸ் மோடு "லெகசி" என்று இருந்தால் மட்டும் எம்பிஆர். பிறகு "ஸ்டார்ட்" கொடுத்து முடியும்வரை காத்திருங்கள்.

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியதும், எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும் மெனுவைத் திறக்கும் பூட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2-இல் பயோஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்க வேண்டும். சில லெனோவோக்களின் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அணைத்த நிலையில் அதைக் குத்தினால் மெனு வரும்.

நிறுவாமலே ஒரு நாள் ஓட்டுங்கள்

பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக எழும்பும். டிஸ்க்கில் எதுவும் மாறாது. இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான கட்டம் இதுதான். வேகத்தை இப்போது எடைபோட வேண்டாம், பென்டிரைவ் மெதுவாகத்தான் ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, வெளிச்ச விசைகள், மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, டிவியோடு எச்டிஎம்ஐ, கடைசியாகப் பிரின்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வைஃபையே தெரியாவிட்டால் பழைய பிராட்காம் சிப்பாக இருக்கலாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெத்தரிங்கை இயக்குங்கள். எந்த டிரைவரும் இல்லாமல் இணையம் வந்துவிடும். பிறகு "டிரைவர் மேனேஜர்" திறந்தால் பிராட்காம் டிரைவரைக் காட்டும். சில எச்பி லேப்டாப்களில் உள்ள ரியல்டெக் 8723பிஇ சிப்பில் வேறு வம்பு. ரௌட்டர் பக்கத்தில் மட்டும் சிக்னல் வரும், அடுத்த அறைக்குப் போனால் விழுந்துவிடும். ஒரே ஒரு ஆன்டெனாதான் மாட்டியிருக்கும், டிரைவரோ இல்லாத ஆன்டெனாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த ஆன்டெனா என்று சொல்லும் ஒற்றை வரி அமைப்பைச் சேர்த்தால் தீரும்.

பிரின்டர் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. எப்சன் எல் வரிசை டேங்க் பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியதும் அச்சடிக்கும். எச்பிக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு உண்டு. ஆனால் லேசர்ஜெட் 1020, பி1007 போன்ற பழைய மாடல்கள் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தங்கள் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்பவை. எச்பிலிப் கேட்கும் கூடுதல் பிளகினை இறக்காவிட்டால் அச்சு வரிசையில் பக்கம் நிற்கும், தாள் நகராது. பிரதருக்கு நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் கேனன் எல்பிபி2900 மட்டும் பெரும் தலைவலி. அதன் பழைய டிரைவரை இன்றைய லினக்ஸில் ஏற்றுவது புதியவர் வேலையல்ல. அந்தப் பிரின்டர்தான் உங்கள் வருமானம் என்றால், அது இருக்கும் கணினியில் விண்டோஸை விட்டுவையுங்கள்.

நிறுவும் முன்

ஆவணம், படம், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் நான்கையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதாக இருந்தால் மூன்று வேலைகள். முதலாவது, டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயோஸில் எதையாவது தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவிட்டு, செட்டிங்ஸில் குறியாக்கத்தை அணைத்து, அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள். இரண்டாவது, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்"பை நீக்குங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. மூன்றாவது, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி குறைந்தது 60 ஜிபி வெற்றிடம் விடுங்கள். அதில் புதிய டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம்.

நிறுவுதல்

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு காற்று அடித்தால் கரண்ட் போகிற ஊர்கள் இவை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பட்ட பாடு நினைவிருக்கும். லேப்டாப் என்றால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

திரையில் உள்ள "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" படத்தைச் சொடுக்குங்கள். மொழி, பிறகு கீபோர்டு. இந்திய லேப்டாப்களுக்கு இங்கிலீஷ் யூஎஸ் சரி. பிரான்ஸிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப் புதுச்சேரியில் நிறைய உண்டு, அவற்றுக்குப் பிரெஞ்சு அமைப்பையே தேர்ந்தெடுங்கள். யூஎஸ் என்று விட்டுவிட்டால் விசையில் ஏ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் க்யூ விழும், எண் வரிசையில் ஷிஃப்ட் தலைகீழாகும். அப்படிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, பிறகு அமைப்பைப் பிரெஞ்சுக்கு மாற்றினால் உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள். அருகிலுள்ள சோதனைப் பெட்டியில் அடித்துப் பார்த்துவிட்டே அடுத்த திரைக்குப் போங்கள்.

பாட்டும் வீடியோவும் ஓட உதவும் மல்ட்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் வையுங்கள். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழும்பவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் இங்கே ஒரு கடவுச்சொல் கேட்கும். நிறுவி முடித்து மறுபடி எழும்பும்போது நீலத் திரை வந்தால் "என்ரோல் எம்ஓகே" தேர்ந்து அதே சொல்லைக் கொடுங்கள்.

அடுத்து வரும் திரையில்தான் கை நிதானிக்க வேண்டும். புதிய எஸ்எஸ்டி மட்டும் இருந்தால் "இரேஸ் டிஸ்க்". விண்டோஸ் பக்கத்தில் என்றால் "அலாங்சைட்". இரண்டு டிஸ்க் இருந்தால் மேலே எந்த டிஸ்க் தேர்வாகியிருக்கிறது என்பதை அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயோஸில் சேமிப்பு முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கலாம், அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருக்கும்போது நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். நேர வலயத்துக்குக் கொல்கத்தா. எஸ்எஸ்டியில் சில நிமிடங்களிலேயே முடியும்.

தமிழ் தட்டச்சு

சாஃப்ட்வேர் மேனேஜரில் தட்டச்சு மென்பொருள்களான ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். "இன்புட் மெதட்" அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். நுழையாமல் விட்டால் தமிழ் வராமல் போகலாம். பிறகு ஐபஸ் விருப்பத்தேர்வுகளில் தமிழின் கீழ் தமிழ்99 அல்லது ஃபொனெடிக்கைச் சேர்த்து, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி மாறிக்கொள்ளலாம். கீபோர்டு அமைப்பிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று தெரியும். அதில் 'க' எழுத்தைத் தொடர்ந்து இருமுறை அடித்தால் தானாகப் புள்ளி விழாது. எம்17என் வழியில் விழும்.

லிப்ரெ ஆபிஸில் தமிழ் எழுத்தின் அளவு மாறவில்லை என்று பலர் திணறுவார்கள். ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான சிடிஎல் என்ற தனிப் பிரிவில் கணக்காகிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸில் அந்தப் பிரிவை இயக்கித் தமிழைத் தேர்ந்தால், கேரக்டர் பெட்டியில் அதற்கென்று தனி எழுத்துருவும் அளவும் வரும்.

நிறுவிய பின்

அப்டேட் மேனேஜரில் இந்திய மிரரை (புதுப்பிப்புகளின் நகல் இருக்கும் சர்வரை) தேர்ந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். இயங்குதளத்தை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டில் வாரம் ஒன்றாக இரண்டு நகல் போதும், அதிகம் வைத்தால் சிறிய எஸ்எஸ்டி நிரம்பிவிடும். டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தை மட்டுமே காக்கும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது தொடாது, அவற்றுக்குத் தனிப் பேக்கப் வேண்டும்.

இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்களுக்கு, லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸ் திறந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கலாம். உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாக வைக்கும், விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கும். நேரம் தப்பினால் வங்கித் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டலாம். விண்டோஸின் நேர அமைப்பில் "சிங்க் நவ்" கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகும். லினக்ஸில் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொன்னால் நிரந்தரமாகத் தீரும். ஐந்தரை மணி நேரமாக இல்லாமல் பழைய வருடத்துக்கே போய்விட்டால் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது.

பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு லினக்ஸ் மெனு காணாமல் போனால், அழிந்துவிட்டதாக எண்ணி மறுபடி நிறுவாதீர்கள். பயோஸின் பூட் வரிசையில் "உபுண்டு" என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் பதிவாகிறது. புதுப்பிக்கும்போது கரண்ட் போய் கணினி எழும்ப மறுத்தால், தொடக்கத்தில் வரும் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரெக்கவரி மோடு சென்று, "டிபிகேஜி" என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் நின்ற நிறுவல்களை அது முடித்துவைக்கும்.

மாட்டிக்கொண்டால் கேட்க ஆளுண்டு. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், பக்கத்தில் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இயங்குகின்றன. போகும்போது "ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், பிழைச் செய்தியின் புகைப்படத்தையும், மின்டின் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" பக்கத்தில் நகலெடுத்த விவரத்தையும், அதற்கு முன் கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.